கூட்டத்தின் முன் சுறாவை அறுத்துக் காட்டுவது எப்படி

வலையில் தற்செயலாகச் சிக்கி இறந்த சுறாவை மட்டுமே நான் எடுப்பேன். இதற்கென்று ஒன்றைக் கொல்லவே கூடாது.

உடனே கத்தியை எடுக்காதீர்கள். மெல்லிய கையுறை கொடுத்துப் பிள்ளைகளைத் தோலைத் தடவவிடுங்கள். தலையிலிருந்து வாலுக்கு வழுவழுப்பு. எதிர்த்திசையில் உப்புத்தாள் மாதிரி. பல்லின் அமைப்பே கொண்ட நுண்செதில்கள்தான் காரணம். மூக்கைச் சுற்றியுள்ள துளைகள் இரையின் மின்புலத்தை உணர்பவை, அவற்றையும் காட்டுங்கள்.

அப்புறம் வயிற்றின் நடுக்கோட்டில், கத்தியின் கூர்ப்பக்கம் மேலே இருக்க, மேலோட்டமாகக் கீறுங்கள். ஆழமாகப் போனால் ஈரல் கிழிந்து எண்ணெய் வழியும். ஈரலை முழுசாக எடுத்து வாளித் தண்ணீரில் விடுங்கள். பெரும்பாலும் மிதக்கும். காற்றுப்பை இல்லாத சுறாவுக்கு மிதப்பு தருவது இந்த எண்ணெய்தான். கூட்டம் இங்கேதான் நெருங்கி வரும். கேள்விகளுக்கு நிறைய நேரம் கொடுங்கள்.

குடலை நீளவாக்கில் திறந்து சுருள் மடிப்பைக் காட்டுங்கள். இரைப்பையைக் கடைசியில் திறங்கள், உள்ளே என்ன இருக்குமென்று எல்லோரும் ஊகித்த பிறகு.