ஜூன் 31க்குப் படகு பதிவாகாமல் இருக்க

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளுக்கு ஜாவா நிரல்மொழியில் ஒரு பதிவுப் படிவம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஆட்களின் எண்ணிக்கைக்கு, எழுத்தாக வருவதை முழு எண்ணாக மாற்றும் இன்டிஜர்.பார்ஸ்இன்ட் போதும். அது கறாரானது, "4 பேர்" என்று வந்தாலும் சரி, முன்னால் வெறும் இடைவெளி இருந்தாலும் சரி, எக்செப்ஷனை, அதாவது பிழை அறிவிப்பை, எறிந்துவிடும், அதனால் முதலில் ட்ரிம் செய்து ஓர இடைவெளிகளை நீக்கிவிடுங்கள். எண்ணை வாசிக்கும் இன்னொரு வழியான நம்பர்ஃபோர்மட்டின் பார்ஸோ "4 பேர்" என்பதில் 4ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கண்டுகொள்ளாது. மெய்யா பொய்யா என்று வாசிக்கும் பூலியன்.பார்ஸ்பூலியனுக்கு "ட்ரூ" தவிர எல்லாமே பொய்தான், நம்மட "ஓம்" உட்பட.

பெரிய தலையிடி திகதிதான். பழைய சிம்பிள்டேட்ஃபோர்மட்டுக்கு 31-06-2025 கொடுத்தால் சத்தமில்லாமல் ஜூலை 1 ஆக்கிவிடும். செட்லீனியன்ட்டை ஃபால்ஸ் ஆக்கி அதன் தாராளப் போக்கை நிறுத்தினால்தான் மறுக்கும். அதற்குப் பதில் ஜாவா 8இல் வந்த டேட்டைம்ஃபோர்மட்டரைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதையும் அப்படியே நம்பவேண்டாம், ஏனென்றால் அதன் வழக்கமான ஸ்மார்ட் முறை அதே திகதியை ஜூன் 30க்கு இழுத்துவிடும், ஆள் ஒரு நாள் முந்தி கரையில் வந்து நிற்பார். வித்ரிசொல்வர்ஸ்டைலில் ஸ்ட்ரிக்ட், அதாவது கறாரான முறை, கொடுங்கள். அப்புறம் திகதி வடிவத்தைக் குறிக்கும்போது ஆண்டுக்கு நான்கு 'வை' எழுத்துக்குப் பதில் நான்கு 'யு' போடுங்கள். 'வை' போட்டால் ஸ்ட்ரிக்ட் முறை கி.மு.வா கி.பி.யா என்றும் கேட்கும், அது இல்லாமல் சரியான திகதியே ஜாவாவின் திகதி வகையான லோக்கல்டேட் ஆகாது.