உபுண்டுவில் பைத்தான் பேக்கேஜ் நிறுவி, ஸ்ஃபிங்க்ஸில் தமிழ் ஆவணம் எடுப்பது

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்கு ஊர் வாரியாகக் கூலிக் கணக்குப் போட ஒரு சின்ன பைத்தான் பேக்கேஜ் எழுதிக் கொடுத்தேன். ஆவணமும் தமிழில் வேண்டும் என்றார், அதற்கு ஸ்ஃபிங்க்ஸ் (பைத்தான் நிரல்களுக்கு ஆவணப் பக்கங்கள் உருவாக்கும் கருவி) எடுத்துக்கொண்டேன். அந்த வேலையில் தெரிந்துகொண்டதுதான் இது. டெர்மினல் திறக்கத் தெரியும், பேக்கேஜில் பைப்ராஜெக்ட் கோப்பு (பேக்கேஜின் நிறுவல் விவரங்கள் உள்ளது) இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில், நேராக 'பிப் இன்ஸ்டால்' போடாதீர்கள் (பிப் என்பது பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி). உபுண்டு 23.04 முதல் அது 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று சொல்லி நின்றுவிடும், சிஸ்டம் நம்பியிருக்கும் பைத்தானை நாம் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' சேர்த்தால் அந்தத் தடை போய்விடும் என்பார்கள். பெயரே மிரட்டுகிறது, வேண்டாம். பதிலாக ஒரு வென்வ், அதாவது சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் இடம், அமைப்போம்: 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்', அப்புறம் பேக்கேஜ் ஃபோல்டருக்குள் போய் 'பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்', பிறகு 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்'. அடைப்புக்குறிக்குள் வென்வ் பெயர் தெரிந்தால் சரி.

இப்போது 'பிப் இன்ஸ்டால் ஸ்ஃபிங்க்ஸ்', அடுத்து 'பிப் இன்ஸ்டால் -ஈ .' (கடைசிப் புள்ளியை விடாதீர்கள்). இரண்டும் ஒரே வென்வுக்குள் இருக்க வேண்டும். நிரலில் உள்ள விளக்கங்களை எடுத்து ஆவணமாக்கும் ஆட்டோடாக் என்ற ஸ்ஃபிங்க்ஸ் பகுதி உங்கள் நிரலை வெறுமனே படிப்பதில்லை, இம்போர்ட் செய்து பார்க்கிறது. 'நோ மாட்யூல் நேம்டு' என்று வந்தால் 'விச் ஸ்ஃபிங்க்ஸ்-பில்ட்' போடுங்கள். பாதையில் .வென்வ் இல்லையென்றால், ஏபிடி மூலம் வந்த வேறு ஸ்ஃபிங்க்ஸ் ஓடுகிறது.

'ஸ்ஃபிங்க்ஸ்-குவிக்ஸ்டார்ட் டாக்ஸ்' கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, மொழிக்கு 'டிஏ' கொடுங்கள். கான்ஃப் கோப்பில் எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் ஆட்டோடாக்கைச் சேருங்கள்.

இனிதான் தமிழுக்கே உரிய தொல்லை. தலைப்புக்குக் கீழே '=' கோடு போட வேண்டும், அது தலைப்பைவிடக் குட்டையாக இருக்கக் கூடாது. 'சேலம்' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, ஆனால் பைத்தானில் 'லென்' போட்டால் 5: ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி. ஸ்ஃபிங்க்ஸுக்கு அடியில் இருக்கும் டாக்யூட்டில்ஸ் புள்ளியைக் கழித்துவிட்டு, கொம்பையும் காலையும் தனி இடமாக எண்ணுகிறது. அதனால் 'நாகலூர்' என்று எழுதி நான்கு '=' போட்டால் 'டைட்டில் அண்டர்லைன் டூ ஷார்ட்' என்று எச்சரிக்கும், அது பரவாயில்லை. 'சேலம்' கீழே மூன்று போட்டால் எச்சரிக்கைகூட வராது, தலைப்பு சத்தமில்லாமல் சாதாரண வரியாகிவிடும், இடதுபக்கப் பட்டியலில் அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எடிட்டரில் தமிழ் எழுத்துகளின் அகலம் சீராக இருக்காது, ஆகவே கண்ணளவை நம்பாமல் இருபது '=' போட்டுவிடுங்கள். நீளமாக இருந்தால் தப்பில்லை.

டாக்ஸ் ஃபோல்டருக்குள் 'மேக் எச்டிஎம்எல்'. _பில்ட் உள்ளே எச்டிஎம்எல் ஃபோல்டரில் இண்டெக்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். பிடிஎஃப் வேண்டுமென்றால் உலாவியிலிருந்தே பிரிண்ட் கொடுங்கள், அதற்காக லேடெக் என்ற பெரிய அச்சுக்கோப்பு மென்பொருள் முழுவதையும் இறக்குவது எனக்குச் சரிப்படவில்லை.

பின்சேர்ப்பு: மலைமேல் சிக்னல் சரியில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். சேலத்திலேயே 'பிப் டவுன்லோட் ஸ்ஃபிங்க்ஸ் செட்டப்டூல்ஸ் -டி வீல்ஸ்' போட்டு அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள் (உங்கள் பேக்கேஜ் வேறு எதையாவது நம்பியிருந்தால் அதையும் சேர்த்து). மேலே போனதும் இரண்டு இன்ஸ்டாலிலும் '--நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் வீல்ஸ்' சேர்த்தால் போதும். ஆனால் விண்டோஸில் இறக்கியதை உபுண்டுவுக்குக் கொண்டு போனால் மார்க்அப்சேஃப் என்ற பேக்கேஜில் மாட்டிக்கொள்ளும், அது சிஸ்டத்துக்கும் பைத்தான் பதிப்புக்கும் தகுந்தபடி வேறுபடும். இரண்டும் ஒன்றாக உள்ள மெஷினில் இறக்குங்கள்.