சீனப் பாணிப் பழைய அச்சுப்படத்தைச் சோதிப்பது எப்படி

பகோடா என்னும் அடுக்குக் கோபுரம், குடை பிடித்த ஆள், காற்றில் தொங்கும் படிக்கட்டு: 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இப்படிச் செப்புத்தகட்டு அச்சில் வந்த படம் கைக்குக் கிடைத்தால், முதலில் படத்தை விட்டுவிட்டுத் தாளைப் பாருங்கள்.

ஈரமில்லாத கைகளால் இரு ஓரமும் தாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அக்காலத் தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 2.5 செ.மீ. இடைவெளியில் கோடுகளும் தெரியும். கோடே இல்லாத வழுவழுப்பான தாள் 1757 வாக்கில்தான் புத்தக அச்சுக்கு வந்தது. 1755 என்று பொறித்த படம் அந்தத் தாளில் இருந்தால், அது பிற்கால அச்சு அல்லது நகல்.

அடுத்து, படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம். அது இல்லையென்றால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். இந்தப் படங்களில் பலவற்றை வெட்டி ஒட்டி அரக்குப் பூச்சுப் பெட்டிகளை அலங்கரிப்பதற்கென்றே விற்றார்கள். ஓரம் போனது அதனாலும் இருக்கலாம்.

பத்து மடங்கு லென்ஸ் வையுங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் நவீன இயந்திர அச்சு. செதுக்கிய கோட்டில் மை சற்றே மேடாக நிற்கும். தகடு தேயும்போது இலை, மேகம் போன்ற நுண்கோடுகள் முதலில் மங்கும். மங்கலுக்கு நடுவே நிழல்கள் மட்டும் கரேலென்று இருந்தால், தேய்ந்த தகட்டை மறுபடி செதுக்கியிருக்கிறார்கள். அசலை அப்படியே தகட்டில் பெயர்த்து அச்சடித்த நகலில் படம் இடவலம் மாறிவிடும்.

கீழே உள்ள லத்தீன் சொற்களில் 'இன்வெனிட்' (invenit) என்றால் படத்தை வடிவமைத்தவர், 'ஸ்கல்ப்சிட்' (sculpsit) என்றால் செதுக்கியவர். ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். தகடு கைமாறினாலும் பழைய ஆண்டு அப்படியே நிற்பதுண்டு.

கட்டடம் கடைசி. கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் சீனாவின் கான்டனுக்கு (இன்றைய குவாங்சோ) நேரில் போனவர். 1757இல் அவர் வெளியிட்ட படங்களில் தரைப்படமும் குறுக்குவெட்டும் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ழான் பில்மான் வரைந்தவை கற்பனை. தாங்க முடியாத தூண்மேல் அவர் வைக்கும் கூரை பிழையல்ல, அதுதான் அழகு. நான்ஜிங் பீங்கான் கோபுரம் என்றால் அடுக்குகளை எண்ணுங்கள். உண்மையில் ஒன்பது, சீனாவுக்குப் போய் வந்த டச்சுக்காரர் நியூஹோஃப்பின் 1665 நூலில் பத்து. பத்து வந்தால், அந்தப் படத்தின் மூலத்தை நியூஹோஃப்பிலிருந்து தேடத் தொடங்கலாம்.