பழைய கேம்கார்டர் வாங்கப் போகிறவர்கள் டார்ச்சோடு போங்கள்

இந்த ஆடியில் தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலோரம் மூன்று இளைஞர்களைப் பார்த்தேன். யூடியூபுக்கு வீடியோ எடுக்க மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போய் எட்டாயிரம் ரூபாய்க்குப் பழைய கேம்கார்டர் வாங்கி வந்திருந்தார்கள். ஆசையோடு என்னிடம் நீட்டினார்கள். லென்ஸைச் சாய்த்துப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நான் ஏமாந்த அதே விஷயத்தில்தான் அவர்களும் ஏமாந்திருந்தார்கள்.

பில் இருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

லென்ஸுக்குள் பூஞ்சை

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீடியோக்காரரிடம் பதினோராயிரம் கொடுத்து வாங்கினேன். கடை வாசலில் நின்று தெருவை எடுத்துப் பார்த்தபோது படம் துல்லியமாக இருந்தது. அந்த வாரமே கேரளத்துக் கழுதுருட்டியில் உள்ள பதிமூன்று கண் பாலத்துக்குப் போனேன். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. மாலை வெயில் பாலத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தால், வெயில் விழுந்த இடமெல்லாம் தண்ணீர்ப்பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. முன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் மாறவில்லை.

திருநெல்வேலியில் பழுது பார்ப்பவர் டார்ச் அடித்துக் காட்டினார். உள் கண்ணாடி ஒன்றில் ஓரத்திலிருந்து நடு நோக்கி, சிலந்தி நூலைவிட மெல்லிய வெள்ளை இழைகள் கிளை பிரிந்து ஓடின. ஜூம் பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டும், அதற்குக் கேமரா விலையைவிடக் கூடுதலாகும் என்றார். விற்றவரோ, கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது என்று போனை வைத்துவிட்டார். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

கேரள எல்லையில் உள்ள ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் சாரல், அந்தப் பக்கம் மாதக்கணக்கில் அடைமழை. காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சீசன் முடிந்ததும் கேமராவைத் தோல் பையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். இருட்டும் ஈரமும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. பூஞ்சை கசியவிடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். பிரித்துத் துடைத்தாலும் அந்தத் தழும்பு போகாது.

எனவே இப்படிச் சோதியுங்கள். பல கேம்கார்டர்களில் கேமராவை ஆன் செய்தால்தான் லென்ஸ் மூடி திறக்கும். டார்ச்சை நேராக அடித்தால் நம் கண்மணி சுருங்குவதுபோல் உள்ளே ஐரிஸ் என்ற ஒளித்திறப்பு சுருங்கி, பின்னால் இருப்பதை மறைத்துவிடும். ஓரத்திலிருந்து சாய்த்து அடியுங்கள். ஜூமை முழுக்க உள்ளே இழுத்தும் முழுக்க வெளியே தள்ளியும் பாருங்கள். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஓர் ஆளை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். முகம் வெளிறித் தெரிந்தால் வாங்காதீர்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் அன்றைக்கு வாங்காமலே திரும்பிவிடுங்கள்.

மைக் செருகும் துளை

இல்லையென்றால் வேண்டாம். குற்றாலம் ஐந்தருவிக்கு முன் நின்று பேசினால், உள் மைக்கில் உங்கள் குரல் ஏறாது.

டேப் கேமரா

வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேர மினி டிவி (MiniDV) டேப்பைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அதற்கான ஃபயர்வயர் துளை இப்போதைய மடிக்கணினிகளில் இல்லை.

வெளிநாட்டுக் கேமரா

உறவினர் கொண்டுவந்தது என்றால் எந்த நாட்டுக்கான மாடல் என்று கேளுங்கள். அமெரிக்கா, ஜப்பான் கேமராக்கள் அறுபது ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ற என்டிஎஸ்சி என்ற வீடியோ முறையில் எடுக்கும். நம் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும். ஷட்டரை ஐம்பதில் அல்லது நூறில் ஒரு வினாடியாக வைக்க முடிந்தால் சமாளிக்கலாம்.

எண்ணூறு மடங்கு ஜூம்

ஆப்டிகல் என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அதுதான் லென்ஸே பெரிதாக்கிக் காட்டும் அளவு; மீதி, எடுத்த படத்தை இழுத்துப் பெரிதாக்குவது.

வாங்கிய பிறகு

தோல் பையைத் தூக்கி எறியுங்கள். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். நிறம் மாறும் அந்த மணிகளில் நச்சுப்பொருள் உண்டு, அதனால் வறுத்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். சுந்தரபாண்டியபுரத்து இளைஞர்களுக்கு அந்த டப்பாவில் ஒன்றைக் கொடுத்தேன். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அந்தக் கேமராவில் அப்படித்தான் எடுக்க முடியும்.