தோற்கும் இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: பழைய பாணி ஆர்பிஜி கேம்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கி, அதன் திறன்களை வளர்த்து, அதன் பேச்சையும் செயலையும் நாமே தேர்ந்தெடுத்து ஆடும் கணினி கேம்தான் ஆர்பிஜி. 1997-இல் ஃபால்அவுட்டும் 1998-இல் பால்டர்ஸ் கேட்டும் அதற்கு வகுத்த பாணி பல ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தது. 2012-இல் பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்ற கேமுக்காக அப்சிடியன் நிறுவனம், ரசிகர்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டரில் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் திரட்டியது. அந்தக் காலத்திலிருந்து இந்தப் பாணிக் கேம்கள் மீண்டும் வரிசையாக வரத் தொடங்கின. இன்று டிவினிட்டி ஒரிஜினல் சின் 2, டிஸ்கோ எலிசியம், பாத்ஃபைண்டர் கிங்மேக்கர், அண்டர்ரெயில், ஏஜ் ஆஃப் டெக்கடன்ஸ், பால்டர்ஸ் கேட் 3 என்று பட்டியல் நீண்டுவிட்டதால், பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதிகளில் லேப்டாப் வைத்திருக்கும் தம்பிமார் "அண்ணாச்சி, இதுல எதை மொதல்ல வாங்கட்டும்?" என்று கேட்பதில் வியப்பில்லை. விமர்சன மதிப்பெண்களையும் ஆட்ட நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. இவை பெரும்பாலும் நல்ல மதிப்பெண் பெற்றவை, நீளமானவை. நாம் தோற்கும்போது கேம் நம்மை என்ன செய்கிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

அதற்கு முதலில் ஒரே வகைக் கதாபாத்திரத்தை எல்லாக் கேம்களுக்கும் கொண்டுசெல்லுங்கள். பேச்சில் கெட்டிக்காரன், அடிதடியில் நோஞ்சான் என்ற வகை இச்சோதனைக்கு மிகப் பொருத்தமானது. வாள்வீரனுக்கு எந்தக் கேமும் வழிவிடும். வாய்ச்சொல் வீரனுக்கு வழிவிடுகிறதா என்பதில்தான் அதை ஆக்கியவர்களின் மனம் தெரியும்.

அவன் முதன்முதலாக ஒருவரைப் பேசி இணங்கவைக்க முயலும் இடத்தில் நின்று, அங்கே பகடை உருளுகிறதா, இல்லை இத்தனை புள்ளி இருந்தால்தான் கதவு திறக்கும் என்று கணக்குப் பார்க்கப்படுகிறதா என்று கவனியுங்கள். பில்லர்ஸ், ஒரிஜினல் சின் 2, ஏஜ் ஆஃப் டெக்கடன்ஸ் ஆகிய மூன்றும் உரையாடலில் கணக்குப் பார்ப்பவை. தேவையான அளவு திறன் இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் இல்லை. அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலை கிடையாது. டிஸ்கோ எலிசியமும் பால்டர்ஸ் கேட் 3-உம் பகடை உருட்டுபவை. ஆனால் அவை இரண்டும் உருட்டுவது ஒரே வகைப் பகடையன்று.

பால்டர்ஸ் கேட் 3-இல் 20 முகம் கொண்ட ஒரே பகடை. ஒவ்வொரு முகத்துக்கும் 5 விழுக்காடு. எனவே திறனில் ஒரு புள்ளி கூடினால் வாய்ப்பும் வழக்கமாக 5 விழுக்காடுதான் கூடும். டிஸ்கோ எலிசியத்தில் ஆறுமுகப் பகடைகள் இரண்டு. தாயக்கட்டை உருட்டிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: இரண்டு கட்டையை உருட்டினால் மூன்று அடிக்கடி விழும், ஆறு அரிதாகத்தான் விழும். பகடையில் விழுவதும் நம் திறனும் சேர்ந்து கடினத்தின் எண்ணை எட்ட வேண்டும். திறன் 4, கடினம் 12 என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 8 விழ வேண்டும், வாய்ப்பு சுமார் 42 விழுக்காடு. திறனை 5 ஆக்கினால் 7 விழுந்தால் போதும், வாய்ப்பு 58 ஆகிவிடும். ஒரே புள்ளிக்கு 16 விழுக்காடு ஏற்றம். அணியும் உடையும் திறன் புள்ளியைக் கூட்டும் என்பதால், டிஸ்கோவில் நடுத்தரக் கடினத்தில் ஒரு சட்டையை மாற்றி அணிவதுகூடத் தலைவிதியை மாற்றுகிறது. பால்டர்ஸ் கேட்டில் அதே ஒரு புள்ளி அவ்வளவு உறுத்தாது. மேலும், இரண்டு ஒன்றுகள் விழுந்தால் டிஸ்கோவில் எவ்வளவு திறமைசாலியும் தோற்பான். அதற்கான வாய்ப்பு 36-இல் 1. பால்டர்ஸ் கேட்டில் பேச்சுப் பரிசோதனையில் 1 விழுந்து தோற்கும் வாய்ப்பு 20-இல் 1. வல்லவன் வழுக்கி விழுவது எதில் அதிகம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, தோற்ற பிறகு நடப்பதைப் பாருங்கள். டிஸ்கோவில் வெள்ளைச் சோதனை என்றால் அந்தத் திறனில் ஒரு புள்ளி சேர்த்துவிட்டு மறுபடி முயலலாம். சிவப்பு என்றால் ஒரே வாய்ப்புதான். ஆனாலும் தோல்வியில்தான் அந்தக் கேமின் மிகச் சிறந்த வசனங்கள் சில ஒளிந்திருக்கின்றன என்பது என் கருத்து. ஆகவே அதில் சேவ் செய்ததைத் திரும்பத் திறந்து திருத்திக்கொண்டே போகிறவர் பாதி கேமைத்தான் ஆடுகிறார். பால்டர்ஸ் கேட் 3, உத்வேகப் புள்ளி என்ற பெயரில் மறு உருட்டல் தருகிறது; பூட்டு திறக்கவில்லை என்றால் பல கதவுகளை உடைத்தும் போகலாம். ஏஜ் ஆஃப் டெக்கடன்ஸ் இரக்கமற்றது. பேச்சுக்காரன் பெரும்பாலும் சண்டையே போடாமல் அதை முடிக்கலாம், ஆனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் புள்ளி போட்டவன் எல்லா வாசலிலும் மாட்டிக்கொண்டு சாவான். அண்டர்ரெயிலில் தண்டனை தாமதமாக வரும்: குழு கிடையாது, தனியாள்தான், எனவே தவறான பில்டு, அதாவது திறன் புள்ளிகளைப் பங்கிட்ட முறை, பல மணி நேரம் கழித்தே பல்லிளிக்கும். கிங்மேக்கரில் தோல்வி நாட்காட்டியில் இருக்கிறது. முக்கியப் பணிகளுக்குக் காலக்கெடு உண்டு, ஊர் சுற்றிக்கொண்டே இருந்தால் நாம் ஆளும் அரசே கவிழும்.

சண்டை முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் மோத, நாம் இடையிடையே நிறுத்திக் கட்டளையிடுவது பில்லர்ஸின் மூல வழி; முறை வைத்து மாறி மாறி அடிப்பது ஒரிஜினல் சின் 2, பால்டர்ஸ் கேட் 3 ஆகியவற்றின் வழி. 2021-இல் வந்த பாத்ஃபைண்டர் ராத் ஆஃப் த ரைட்டியஸ் இரண்டையும் தருகிறது, ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். எது பிடிக்கும் என்று தெரியாதவர்கள் அதில் ஒரே சண்டையை இரண்டு விதமாகவும் ஆடிப் பார்ப்பதே போதுமான ஒப்பீடு.

நம் பக்கத்துக்கே உரிய சில விஷயங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரத்தை நிறுத்திவிடும் நாளில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் ஆடிக்கொண்டிருந்தால், சண்டையின் நடுவே சேவ் செய்ய முடியுமா என்பது பெரிய கேள்வி. ஒரிஜினல் சின் 2-இலும் பால்டர்ஸ் கேட் 3-இலும் முடியும்; பில்லர்ஸில் முடியாது. பால்டர்ஸ் கேட் 3-க்கு ஏறக்குறைய 150 ஜிபி இடம் வேண்டும், வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமும் வேண்டும்; அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் செல்பேசி டேட்டாவை நம்பி இருப்பவர்கள் டவுன்லோடுக்கே பல நாள் ஒதுக்க வேண்டியிருக்கும். டிஸ்கோ எலிசியம், அண்டர்ரெயில் இரண்டும் அதைவிட எவ்வளவோ சிறியவை. சித்திரை வெயிலில் லேப்டாப்பையும் அவ்வளவு சூடாக்குவதில்லை.

மொழியும் ஒரு சோதனைதான். இவற்றில் எதுவும் தமிழில் இல்லை. டிஸ்கோவில் மட்டும் பத்து லட்சம் சொற்களுக்கு மேல் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தைக் கண்ணால் வாசிப்பதைவிடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்வது எளிது என்பவர்கள், உரையாடல் முழுவதும் குரலில் வரும் பால்டர்ஸ் கேட் 3, ஒரிஜினல் சின் 2, டிஸ்கோவின் 2021 ஃபைனல் கட் பதிப்பு ஆகியவற்றை முன்னால் வைக்கலாம். அண்டர்ரெயிலில் வாசித்தே ஆக வேண்டும்.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கினால், 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மேற்சொன்ன பேச்சுக்காரன் சோதனையை அந்த 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். கதாபாத்திரம் உருவாக்கும் திரையில் செலவாகும் நேரமும் அதில் சேரும் என்பதால், பாத்ஃபைண்டர் கேம்களுக்கு மட்டும் இனம், வகுப்பு (வீரன், மந்திரவாதி போன்ற தொழில்), திறன்கள் ஆகியவற்றை முதலிலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கேமைத் திறப்பது நல்லது.