கிற்றார் கிட்: துளையிட முன் அளவுங்கள்

பாகங்களாக வரும் மின்கிற்றாரை நாமே பூட்டிப் பூச்சடிக்கும் இந்த வேலைக்கு, திருகோணமலையில் கச்சான் வீசும் மாதங்களே நல்லது. வாடை மழைக்குள் லாக்கர் (மரத்துக்கான பளபளப்புப் பூச்சு) அடித்தால் ஈரம் சிக்கி, பூச்சு பால்போல் வெளிறும்.

பூச்சுக்கு முன்பே முழுவதையும் ஒருதரம் பூட்டிப் பாருங்கள். கழுத்தை இறுக்கி, நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு) 12ஆம் ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) வரை அளவுங்கள். 25.5 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரையான கம்பி நீளக் கணக்கு) என்றால் ஏறத்தாழ 324 மி.மீ. வரும். அங்கிருந்து இன்னொரு 324 மி.மீ. தள்ளி மெல்லிய 'ஈ' கம்பியின் சேடில் (உடலில் பூட்டும் பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் துண்டு) நிற்கவேண்டும். தடித்த கம்பிகளின் சேடில்கள் இன்னும் சில மி.மீ. பின்னே போகும், அதற்கு இடம் விடுங்கள். இரு ஓரக் கம்பிகளின் இடத்தில் நூல் இழுத்து, கழுத்தின் இரு விளிம்பிலும் இடைவெளி சமமா என்று பார்த்த பிறகே பிரிட்ஜுக்குத் துளை. இதில் பிழைத்தால் பிறகு எப்படி டியூன் செய்தாலும் சுருதி சேராது.

துளை, ஸ்குரூவின் புரியைச் சேர்க்காமல் அதன் தண்டளவு மட்டும் இருக்கட்டும். சிறுத்தால் மரம் வெடிக்கும், அல்லது ஸ்குரூ முறியும். புரியில் மெழுகு தடவுங்கள்.

உடலை 180, 240, 320 சாண்ட் பேப்பரால் இழையோட்டத்தில் மட்டும் தேயுங்கள்.

வயரிங்கில் பலர் மறப்பது பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர். அது இல்லாவிட்டால் இரைச்சல் ஓயாது. பொட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குக் கீழுள்ள பாகம்) முதுகைச் சுரண்டிச் சூடாக்கினால்தான் சோல்டர் பிடிக்கும்.

கடற்காற்றில் கம்பி விரைவில் துருப்பிடிக்கும், வாசித்ததும் துடையுங்கள்.