தக்காளி இலையில் வெள்ளைக் கோடா? வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

தக்காளி, அவரை இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடு கண்டால், உடனே மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். இலையைப் பறிக்காமல் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். கோட்டின் அகலமான முனையில் மஞ்சள் நிறப் புழு நெளிந்தால், அந்த இடத்தை விரலால் நசுக்கினாலே போதும். அந்த முனையில் சிறு கீறல் மட்டும் இருந்து உள்ளே காலியாக இருந்தால், புழு வெளியேறி மண்ணில் கூட்டுப்புழு ஆகியிருக்கும். அந்த இலைக்கு மருந்தடிப்பது வீண் செலவு.

இந்தக் கோட்டைப் போடுவது ஒரு சிறு ஈயின் புழு. அது இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே தின்றுகொண்டே போகிறது. அது வளர வளர கோடும் அகலமாகும். உள்ளே தெரியும் கறுப்புப் பொட்டுகள் அதன் எச்சம். மேலே தெளிக்கும் சாதாரண மருந்து உள்ளே எட்டாது, அந்தப் புழுவை அழிக்கும் குட்டிக் குளவிகளைத்தான் கொல்லும். புழு பழுப்பாகி அசையாமல் கிடந்தால் பெரும்பாலும் குளவியின் வேலை. அந்த இலையைச் செடியிலேயே விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

எலுமிச்சைக்கு இது பொருந்தாது: அங்கே கோடு போடுவது அந்துப்பூச்சியின் புழு, அது இலை ஓரத்தைச் சுருட்டி அதற்குள்ளேயே கூட்டுப்புழு ஆகும். தக்காளியிலும் கோடாக இல்லாமல் அகலத் திட்டாக இருந்து, புழுவுக்குத் தலையும் கால்களும் தெரிந்தால் அது ஊசிப்புழு. காயையும் துளைக்கும், தாமதிக்காதீர்கள். ஈயின் சரியான இனப்பெயரைக் கோட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு வளர்ந்த ஆண் ஈயை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.